நோயாளியின் படுக்கையருகே அமர என்ன பயிற்சி வேண்டும்?

காவிரிப் பாசனப் பகுதியில், அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் தமிழாசிரியராக இருக்கும் 49 வயதுச் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய தம்பி சென்ற ஆண்டு வாய்ப் புற்றுநோயால் காலமானார். கடைசி ஆறு வாரங்கள் மருத்துவமனையில் தம்பியுடன் தங்கியிருந்த இவர், மாலை நேரங்களில் மெல்லிய குரலில் தேவாரம் பாடுவாராம். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் தங்களுக்கும் பாடச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாக, இப்போது வாரம் இருமுறை அருகிலுள்ள மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவுக்குத் தாமாகவே சென்று நோயாளிகளுடன் பேசுகிறார், பாடுகிறார், விபூதி கொடுக்கிறார். அண்மையில் செவிலியர் ஒருவர், “யார் அனுமதி கொடுத்தது?” என்று கேட்டுத் தடுத்துவிட்டார். அது அவரை மிகவும் புண்படுத்தியிருக்கிறது.

அவர் கேட்பவை இவை. மருத்துவமனைகளில் ஆன்மிகத் துணையாக இருக்கும் ‘சாப்ளின்’ பணி கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதா? இணையத்தில் மூன்று மாதப் படிப்பு ஒன்றை முடித்தால் சான்றிதழும் அடையாள அட்டையும் தருவதாக விளம்பரம் வருகிறதே, 38,000 ரூபாய் கட்டிச் சேரலாமா? விருப்ப ஓய்வு பெற்று முழுநேரமும் இதில் இறங்கலாமா? நோயாளிகள் “எனக்கு ஏன் இப்படி?” என்று கேட்கும்போது தாம் சொல்லும் பதில் சரியா? கடைசியாக, நோயாளி ஒருவர் தம்மிடம் மட்டும், “எனக்கு வாழப் பிடிக்கவில்லை, ஒருநாள் எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளப் போகிறேன், யாரிடமும் சொல்லாதீர்கள்” என்று சொன்னதை அவர் சத்தியம் போலக் காத்து வருவதாகவும் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்திக்கு மட்டும், அது கிடைத்த அன்றே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். இதே நிலையில் இருக்கக்கூடிய மற்ற வாசகர்களுக்காக அதையே இங்கும் முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

நோயாளி நம்பிச் சொன்னதைக் காப்பது இந்தப் பணியின் முதல் ஒழுக்கம் என்று நீங்கள் நினைப்பதில் தவறில்லை. ஆனால் உயிருக்கு ஆபத்து என்னும் இடத்தில் அந்த ஒழுக்கத்துக்கு எல்லை உண்டு. நாள்பட்ட நோயில் கிடப்பவர் பலர், “போதும் சாமி, கூட்டிக்கிட்டுப் போயிடு” என்று சொல்வார்கள். அதில் களைப்பு இருக்கும், சில வேளை ஒரு நிறைவும் இருக்கும். “முடித்துக்கொள்ளப் போகிறேன்” என்பது வேறு. எப்படி, எப்போது என்று அவர் யோசித்து வைத்திருக்கிறாரா என்பதை நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாகத் தோன்றிவிடாது, பெரும்பாலும் கேட்டதே அவருக்கு ஒரு விடுதலையாக இருக்கும். கேட்டுவிட்டு, “இதை என்னோடு வைத்துக்கொள்ள முடியாது, உங்கள் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும், நீங்களே சொல்கிறீர்களா, இருவரும் சேர்ந்து சொல்வோமா?” என்று அவரிடமே சொல்லிவிட்டு, அன்றைக்கே பணியிலிருக்கும் மருத்துவரிடமோ செவிலியரிடமோ தெரிவித்துவிட வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் இலவசமாக ஆலோசனை கிடைக்கும்.

இதில் மருத்துவரைச் சேர்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சாக வேண்டும் என்ற சொல்லுக்குப் பின்னால் பல நேரம் அடங்காத உடல்வலி இருக்கிறது. மார்ஃபின் போன்ற மருந்தைச் சரியான அளவில் கொடுத்து வலி குறைந்த பிறகு, அதே நோயாளி பேரனின் படிப்பைப் பற்றிப் பேசத் தொடங்குவதைப் புற்றுநோய்ப் பிரிவில் வேலை செய்யும் எல்லோரும் பார்த்திருப்பார்கள். லண்டனில் 1967இல், இறக்கும் நிலையிலிருப்பவர்களைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய டாக்டர் சிசிலி சாண்டர்ஸ், இறக்கும் நிலையிலிருப்பவரின் வலியை உடல், மனம், உறவு, ஆன்மிகம் நான்கும் பின்னிய ஒரே வலியாகப் பார்க்க வேண்டும் என்று வலியுறுத்தியவர். அவர் மருத்துவர் மட்டுமல்ல, அதற்கு முன்பே செவிலியராகவும் மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் இருந்தவர். ஆன்மிகத் துணையாக வருபவர் அந்த நான்கில் ஓர் இழையை மட்டும் பிடித்திருக்கிறார். மற்ற மூன்று இழைகளைப் பிடித்திருப்பவர்களிடமிருந்து மறைத்து வேலை செய்ய அவரால் முடியாது.

யாருக்கு உரிய பணி

இது கிறிஸ்தவத் திருச்சபையில் பிறந்த பணி என்பது உண்மை. தமிழ்நாட்டிலும் கிறிஸ்தவ மருத்துவமனைகளில்தான் இது நெடுங்காலமாக முறையாக நடந்து வருகிறது. அதனால் சைவக் குடும்பத்தில் பிறந்த உங்களுக்குக் கதவு அடைக்கப்பட்டிருப்பதாக எண்ண வேண்டாம். இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் இந்து, முஸ்லிம், சீக்கிய சாப்ளின்கள் பணியாற்றுகிறார்கள். எந்த மதத்தையும் சாராத துணைவர்களும் அங்கே நியமிக்கப்படுகிறார்கள். நம் நாட்டு ராணுவத்தில் பண்டிட், சீக்கியர்களின் கிரந்தி, மௌல்வி, பாதிரியார், பௌத்தத் துறவி என மத ஆசிரியர்கள் இளநிலை அலுவலர் தகுதியில் இருக்கிறார்கள். ஒரே படைப்பிரிவில் எல்லா மதத்தவரும் வழிபட ‘சர்வ தர்ம ஸ்தலம்’ இருப்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்.

ஆனால் உங்கள் கடிதத்தில், “என் மதத்தின் செல்வத்தை அவர்களுக்குக் கொடுக்க விரும்புகிறேன்” என்று ஒரு வரி இருக்கிறது. எவ்வளவு நல்ல மனத்தோடு எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. இருந்தும் அந்த வரியைத்தான் நீங்கள் முதலில் மறுபரிசீலனை செய்ய வேண்டும். படுக்கையில் இருப்பவர் உங்களிடம் பாடம் கேட்க வந்த மாணவரல்லர், எழுந்து போய்விடக்கூட முடியாதவர். வேண்டாம் என்று சொன்னால் இந்த அம்மா இனி வரமாட்டார்களோ என்ற தயக்கத்திலேயே பலர் தலையாட்டிவிடுவார்கள். அவரவரிடம் ஏற்கெனவே இருக்கும் நம்பிக்கையை, அல்லது நம்பிக்கையின்மையை, அவரவர் பயன்படுத்திக்கொள்ளத் துணை நிற்பதே இந்தப் பணி. உங்கள் மதத்தை மறைத்துக்கொள்ளத் தேவையில்லை. அதை முன்னால் வைத்துக்கொண்டு நுழையாமல் இருந்தால் போதும்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு தனித் தேவையும் இருக்கிறது. கடவுள் மறுப்பில் வாழ்நாளெல்லாம் உறுதியாக நின்ற முதியவர்கள் நம் மருத்துவமனைகளில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அப்படி ஒருவரின் மனைவி கவலையில் அவர் நெற்றியில் திருநீறு பூச, அவர் கண்ணை மூடியபடி கையால் அதைத் துடைத்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த அறைக்குள் இரண்டு பேருக்குத் துணை தேவைப்பட்டது. கொள்கையை விட்டுவிடாமல் சாக வேண்டும் என்பது அவருடைய ஆன்மிகத் தேவை. ஏதாவது செய்ய வேண்டும் என்பது அந்த அம்மாவின் தேவை. ஒருவருக்காக மற்றவரைத் தோற்கடிக்காமல் இருவரிடமும் தனித்தனியாகப் பேசத் தெரிந்தவர்தான் அங்கே பயன்படுவார்.

உங்கள் உரையாடலையே எடுத்துக்கொள்வோம்

கருப்பைவாய்ப் புற்றுநோயால் அவதிப்படும் அம்மையார் ஒருவருடன் நடந்த உரையாடலை நீங்கள் அப்படியே எழுதியனுப்பியிருக்கிறீர்கள். இந்தக் கடிதத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். உங்களை அறியாமலே, இந்தத் துறையின் மிக முக்கியமான பயிற்சிமுறையை நீங்கள் தொடங்கிவிட்டீர்கள்.

அவர்: “ஏம்மா, நான் யாருக்கு என்ன கெடுதல் பண்ணினேன்? எனக்கு எதுக்கு இந்த நோவு?”

நீங்கள்: “அப்படியெல்லாம் பேசாதீங்கம்மா. எல்லாம் முன்வினை. சிவன் கைவிட மாட்டார். தைரியமா இருங்க.”

அவர்: “ஆமா. நீங்க சொன்னா சரிதான்.”

இதன் பிறகு அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார், ஆறுதல் அடைந்து உறங்கிவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் என் வாசிப்பு வேறு. கேள்வி கேட்டவர் பேச்சை முடித்துக்கொண்டு திரும்பிவிட்டார். “அப்படியெல்லாம் பேசாதீங்க” என்ற உங்கள் முதல் வாக்கியத்திலேயே அந்தப் பேச்சு முடிந்துவிட்டது. அடுத்து வந்த “முன்வினை” என்ற சொல், தன்மேல் குற்றம் இருக்குமோ என்று அஞ்சிக் கேட்டவரிடம், ஆம், இருக்கிறது, ஆனால் எந்தப் பிறவியில் செய்தது என்றுகூடத் தெரியாது என்று சொன்னதுபோல் ஆகியிருக்கும். நீங்கள் அந்தப் பொருளில் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். படுத்திருப்பவருக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்பதுதான் இங்கே கணக்கு.

அந்தக் கேள்விக்குள் குறைந்தது மூன்று விதமான வேதனைகள் இருந்திருக்கலாம். ஒன்று, உண்மையாகவே காரணம் தெரிந்துகொள்ளும் ஆசை. கருப்பைவாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் ஹெச்.பி.வி. என்ற வைரஸின் நீடித்த தொற்றால் வருவது. பாவத்தாலோ ஒழுக்கக்கேட்டாலோ வந்தது என்று ஊர் பேசுவதைக் கேட்டுக் குன்றிப்போயிருக்கும் பெண்கள் நிறைய இருக்கிறார்கள். அதை விளக்க வேண்டியவர் மருத்துவர். அவரிடம் கேட்கும் துணிவை அந்த அம்மையாருக்கு வரவழைப்பது உங்களால் ஆகும். இரண்டாவது, ஏதோ ஒரு குறிப்பிட்ட செயலைப் பற்றிய குற்றவுணர்வு. மருமகளோடு சண்டை, பிரித்துக் கொடுக்காத நிலம், இரத்தப்போக்கு தொடங்கியபோதே காட்டாமல் விட்டது என்று எதுவாகவும் இருக்கலாம். மூன்றாவது, கடவுள்மீது கோபம். இத்தனை காலம் விளக்கேற்றினேனே, எனக்கா இது என்ற முறையீடு. இவற்றில் எது அவருடையது என்று தெரியாமலே மூன்றுக்கும் பொதுவாக ஒரு பதிலை நீங்கள் கொடுத்துவிட்டீர்கள்.

என்ன சொல்லியிருக்கலாம்? அதிகம் ஒன்றுமில்லை. “ரொம்ப நாளா இதை நினைச்சுக்கிட்டே இருக்கீங்களாம்மா?” என்று கேட்டுவிட்டு, நாற்காலியை இன்னும் கொஞ்சம் அருகே இழுத்துப்போட்டு உட்கார்ந்திருக்கலாம். “யாருக்கோ கெடுதல் பண்ணிட்டமோன்னு தோணுதா?” என்று அவர் சொல்லையே அவரிடம் திருப்பிக் கொடுத்திருக்கலாம். அவர் அழுதால் தண்ணீர் பாட்டிலை நீட்டாமல், அழுது முடியும்வரை இருந்திருக்கலாம். பேச்சு நின்று மௌனம் நீளும்போது அதை நிரப்ப நமக்கு ஒரு பாட்டு இருக்கிறது என்பது உங்கள் பலம். அவசரத்தில் அதைக் கையிலெடுத்தால் அதுவே அவர் பேச்சை மறித்துவிடும்.

கடவுளிடம் கோபப்படுவதை நம் மரபு அறியாதது போல நாம் நடந்துகொள்ளக் கூடாது. சூலை நோயில் துடித்த அப்பர் திருவதிகையில் பாடிய பதிகம் நன்றிப் பாட்டாகத் தொடங்கவில்லை. கூற்றுவனைப் போல் வந்த இந்த வலியை விலக்கமாட்டீரா, நான் செய்த கொடுமை எதுவென்று அறியேனே என்ற முறையீட்டோடுதான் தொடங்குகிறது. அந்த அம்மையார் கேட்டதும் கிட்டத்தட்ட அதே கேள்விதான். நாவுக்கரசருக்கு இருந்த உரிமை அவருக்கும் உண்டு. விவிலியத்தில், எல்லாவற்றையும் இழந்து நோயில் கிடந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் தரையில் அவரோடு பேசாமல் அமர்ந்திருந்தார்கள். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியபோதுதான் தவறினார்கள்.

இந்தக் கோபத்தையும் பயத்தையும் சிறிதாக எண்ணிவிட முடியாது என்பதற்கு ஆய்வும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் கென்னத் பார்கமென்டும் உடன் ஆய்வாளர்களும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், கடவுள் தம்மைத் தண்டிக்கிறார் அல்லது கைவிட்டுவிட்டார் என்று போராடிக்கொண்டிருந்த முதிய நோயாளிகளிடம், அடுத்த இரண்டு ஆண்டுகளில் இறக்கும் வாய்ப்பு சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டது. ஒன்றுக்கொன்று தொடர்பு இருப்பதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது. ஆனாலும் “கடவுள் என்னை விட்டுட்டாரு” என்று ஒருவர் சொல்லும்போது, அதை மாற்றிப் பேச வைப்பதற்கு முன் முழுமையாகக் கேட்க வேண்டும் என்பதற்கு இது போதுமான காரணம்.

பயிற்சி எங்கிருந்து வந்தது, எதைக் கற்றுத்தருகிறது

ஆன்டன் பாய்சன் என்ற அமெரிக்கப் போதகர் 1920இல் கடுமையான மனநோய்க்கு ஆளாகி மருத்துவமனையில் இருந்தவர். குணமடைந்து, 1924இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் உஸ்டர் மனநல மருத்துவமனையில் சாப்ளினாகச் சேர்ந்தார். மறு ஆண்டு கோடையில் இறையியல் மாணவர்கள் சிலரை அங்கே அழைத்து வந்து நோயாளிகளோடு வேலை செய்ய வைத்தார். நூல்களைப் படிப்பதுபோலவே உயிருள்ள மனிதர்களையும் படிக்கக் கற்க வேண்டும் என்பது அவர் கருத்து. மருத்துவ மாணவனை நோயாளியிடம் அனுப்பிப் பழக்குகிறோம், இறையியல் மாணவனை மட்டும் ஏன் வகுப்பறையோடு விட்டுவிடுகிறோம் என்று ரிச்சர்ட் கேபட் என்ற மருத்துவர் அதே 1925இல் கேட்டார். ‘சி.பி.இ.’ எனப்படும் கிளினிக்கல் பாஸ்டரல் எஜுகேஷன் இப்படித்தான் உருவானது.

இன்று அமெரிக்காவில் அதன் ஒரு கட்டம் 400 மணி நேரம். அதில் பெரும்பகுதி நோயாளிகளோடு கழிகிறது. முழுத் தகுதிச் சான்று பெற வழக்கமாக நான்கு கட்டங்களும் அதற்குமேல் முதுகலைப் படிப்பும் கேட்கிறார்கள். பயிற்சியின் நடுநாயகம் நீங்கள் செய்த அதே வேலைதான். நடந்த உரையாடலை நினைவிலிருந்து, அவர் சொன்னது, நான் சொன்னது, இடையில் வந்த மௌனம், முகக்குறிப்பு உட்பட எழுத வேண்டும். பிறகு ஆறேழு சக மாணவர்களும் மேற்பார்வையாளரும் உள்ள குழுவில் அதைப் படித்து, “இந்த இடத்தில் ஏன் பேச்சை மாற்றினீர்கள்? உங்களுக்குள் என்ன நடந்தது?” என்ற கேள்விகளுக்கு முகம் கொடுக்க வேண்டும். சமயங்களைப் பற்றிய அறிவு, நோய் பற்றிய அடிப்படை அறிவு, துக்கம் பற்றிய உளவியல் எல்லாம் இதைச் சுற்றிச் சேர்வன.

உடனடியாக நீங்கள் கைக்கொள்ளக்கூடிய ஒரு கருவியையும் சொல்கிறேன். டாக்டர் கிறிஸ்டினா புகால்ஸ்கி 1996இல் மருத்துவர்களுக்காக உருவாக்கிய ‘ஃபிகா’ என்ற வினாமுறை நான்கு விஷயங்களை விசாரிக்கிறது: நோயாளியின் நம்பிக்கை எது, அது அவருக்கு எவ்வளவு முக்கியம், அவரைத் தாங்கும் சமூகம் எது, இந்த விஷயத்தில் நாம் என்ன செய்ய வேண்டும் என்று அவர் விரும்புகிறார். நம் ஊரில் இதைப் படிவம் நிரப்புவதுபோலக் கேட்டால் எடுபடாது. “இவ்வளவு கஷ்டத்திலும் உங்களுக்குத் தெம்பு கொடுக்கிறது எதும்மா?” என்ற ஒரு கேள்வியிலேயே பாதி வந்துவிடும். ஒருவர் வேளாங்கண்ணி மாதா என்பார், ஒருவர் குலசாமி என்பார், இன்னொருவர் “எம் பொண்ணுதான்” என்பார். மூன்றும் சம எடையுள்ள பதில்கள்.

அந்த 38,000 ரூபாய்

இணையப் படிப்பில் கோட்பாட்டு அறிவு கிடைக்காது என்று சொல்லமாட்டேன். ஆனால் படுக்கையருகே உங்களைப் பார்த்துத் திருத்த ஆளில்லாத படிப்பு இந்தப் பணிக்கு உங்களைத் தயார்செய்யாது. பணம் கட்டும் முன் நான்கு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். எத்தனை மணி நேரம் நோயாளிகளோடு பயிற்சி? அது எந்த மருத்துவமனையில்? மேற்பார்வையாளர் யார், அவர் எங்கே பயிற்சி பெற்றவர்? இந்தச் சான்றிதழை எந்த மருத்துவமனை ஏற்றுப் பணி கொடுத்திருக்கிறது? பதில் மழுப்பலாக இருந்தால் பணத்தை வங்கியிலேயே விட்டுவையுங்கள். அடையாள அட்டை தருகிறோம் என்பதை ஒரு தகுதியாக எண்ணாதீர்கள். மருத்துவமனைக்குள் செல்லும் உரிமையை அந்த மருத்துவமனை மட்டுமே தர முடியும்.

அதற்கு மாறாக இரண்டு வழிகளைச் சொல்கிறேன். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சாப்ளின்களுக்கென்றே ஒரு துறையும், மேற்பார்வையோடு கூடிய மருத்துவமனைப் பயிற்சியும் உண்டு. கிறிஸ்தவ அடித்தளம் கொண்ட பயிற்சி அது, சேர்க்கை விதிகளை நேரில் விசாரியுங்கள். உங்களுக்கு அதைவிட அருகில் இருக்கும் வழி நோய் ஆதரவு சிகிச்சைத் தன்னார்வலர் பயிற்சி. கடும் நோயில் இருப்பவரின் வலியையும் துன்பத்தையும் குறைக்கும் ‘பாலியேட்டிவ் கேர்’ என்பதைத்தான் இப்படிச் சொல்கிறோம். டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் 2003இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய பாலியம் இந்தியா, கோழிக்கோட்டின் நோய் ஆதரவு மருத்துவ நிறுவனம் ஆகியவை இத்துறையில் பலருக்கும் பயிற்சி அளித்தவை. கேரளத்தில் ஊர்தோறும் சாதாரண மக்களே பயிற்சி பெற்று நோயாளிகளின் வீடுகளுக்குச் செல்லும் முறை வேரூன்றியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் வீட்டுக்கே வந்து நோய் ஆதரவு சிகிச்சை அளிப்பது ஒரு பகுதி. உங்கள் வட்டாரத்தில் அப்பணியில் இருக்கும் செவிலியரைச் சந்தித்துப் பேசுங்கள். ஒரு குழுவின் அங்கமாக இருந்து கற்பதற்கு ஈடில்லை.

விருப்ப ஓய்வு வேண்டாம். இந்தப் பணிக்கென்று சம்பளப் பதவிகள் தமிழ்நாட்டில் கிறிஸ்தவ நிறுவனங்களுக்கு வெளியே அரிது. மற்ற மருத்துவமனைகள் பொதுவாகச் சமூகப்பணியிலோ உளவியலிலோ முதுகலைப் பட்டம் உள்ளவர்களைத்தான் ஆலோசகர்களாக எடுக்கின்றன. பள்ளி வேலையோடு சனிக்கிழமைகளில் செய்யுங்கள். ஓய்வு வயது வரும்போது உங்களுக்குப் போதிய அனுபவமும் இருக்கும், ஓய்வூதியமும் இருக்கும்.

செவிலியர் தடுத்தது பற்றி

அவர் உங்கள் பக்தியைத் தடுக்கவில்லை. அந்தப் பிரிவுக்குள் யார் வருகிறார்கள் என்பதற்குப் பொறுப்பானவர் அவர். கீமோதெரபி பெறுபவர்களுக்கு வெள்ளணுக்கள் குறைந்திருக்கும், வெளியிலிருந்து வருபவரின் சாதாரணச் சளிகூட அவர்களுக்கு ஆபத்தாகலாம். நீங்கள் விபூதியை நோயாளியின் வாயிலும் இட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மூக்குவழிக் குழாயில் உணவு பெறுபவருக்கும் விழுங்கச் சிரமப்படுபவருக்கும் வாயில் எதையும் இடக் கூடாது. பொடியோ நீரோ மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். வாயில் புண் உள்ளவருக்கு அது எரியும். உங்கள் தம்பிக்கு இருந்த நோயே அதுதான் என்பதால் உங்களுக்கு இதை நான் விரிக்க வேண்டியதில்லை. பூ, பிரசாதம் எதுவானாலும் செவிலியரைக் கேட்ட பிறகே.

சட்டத்தின் பக்கத்திலும் சிலவற்றை அறிந்திருங்கள். வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொன்னதற்கு உள்ள பாதுகாப்பை, ஆன்மிகத் துணைவரிடம் சொன்னதற்கு நம் சாட்சியச் சட்டம் தருவதில்லை. எனவே எல்லாவற்றையும் ரகசியமாகவே வைப்பேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். குழந்தை ஒன்று பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருப்பது தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைத் தெரிவிப்பது உங்கள் கடமை. மந்திரத்தாலோ தாயத்தாலோ புற்றுநோய் குணமாகும் என்று விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நீங்கள் அப்படிச் செய்பவரல்லர், ஆனால் உங்கள் பெயரைச் சொல்லி வேறு யாரும் அப்படிப் பேச இடம் கொடுக்காதீர்கள். நோயாளியின் பணத்தைக் கையாளுவது, உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போடுவது, அன்பளிப்பு வாங்குவது எதுவும் வேண்டாம்.

உங்கள் தம்பி

கடிதம் முழுவதும் தம்பியைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது நான்கு வரிகள்தாம். அவர் இறந்து ஓராண்டுகூட முழுதாக ஆகவில்லை. சொந்த இழப்பே பலரை இந்தப் பணிக்கு அழைத்து வருகிறது, அதில் குறையொன்றுமில்லை. ஆனால் ஆறாத துக்கத்தோடு அதே நோய், அதே மணம், அதே வயதுள்ள ஆண்கள் நிறைந்த பிரிவுக்குள் வாரம் இருமுறை போவது உங்களை எங்கே கொண்டு நிறுத்தும் என்று யோசிக்க வேண்டும். “சிவன் கைவிட மாட்டார்” என்று அந்த அம்மையாரிடம் அவ்வளவு விரைந்து சொன்னது, உங்கள் தம்பியைப் பற்றி உங்களுக்குள்ளேயே எழும் கேள்வியை அமர்த்துவதற்காகவும் இருந்திருக்குமா? இதை நான் குற்றமாகக் கேட்கவில்லை. சி.பி.இ. குழுவில் இருந்திருந்தால் முதல் வாரமே உங்களிடம் கேட்டிருப்பார்கள். நம்பகமான ஓர் ஆலோசகரிடம் சில அமர்வுகள் உங்களுக்காகவே பேசுங்கள். வாய்ப் புற்றுநோய் நோயாளிகளிடம் சில மாதங்கள் செல்லாமல் இருப்பதும் நல்லது.

இதற்கிடையில் மருத்துவமனையின் நிலைய மருத்துவ அலுவலருக்கு ஒரு பக்கத்தில் விண்ணப்பம் எழுதுங்கள். முழுநேர வேலை செய்பவர், தன்னார்வலராக வர விரும்புகிறீர்கள், எந்த நாள், எந்த நேரம், செவிலியரின் அனுமதியோடும் நோயாளியின் சம்மதத்தோடும் மட்டுமே பேசுவீர்கள், எந்த மதத்தையும் போதிக்க மாட்டீர்கள், உணவோ பிரசாதமோ தரமாட்டீர்கள், உயிருக்கு ஆபத்தான எதையும் உடனே தெரிவிப்பீர்கள் என்பவற்றைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். அந்தச் செவிலியரிடம் விண்ணப்பத்தை முதலில் காட்டி, அவர் சேர்க்கச் சொல்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அனுமதி வந்தபின் நடக்கும் உரையாடல்களை, பெயரும் அடையாளமும் இல்லாமல், இப்போது செய்ததுபோலவே எழுதி வாருங்கள். நீங்கள் சேரும் பயிற்சியில் மேற்பார்வையாளர் முதலில் கேட்கப்போவது அவற்றைத்தான்.